வலைத்தளத்தில் பணவசூல்: ‘பணம் வந்துவிட்டது’ என்று சொல்வது யார்?



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி வெளியூர் மருத்துவமனைகளுக்கெல்லாம் போகிறது. இப்படி ஊர்ப் பெயருக்கே ஒரு மதிப்பு இருப்பதால், இதுவரை தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்து வந்த நம்மவர்கள் சொந்த வலைத்தளம் போடத் தொடங்கியிருக்கிறார்கள். மசாலாப் பொடியோ நல்லெண்ணெயோ பால்கோவாவோ, சரக்கு எதுவானாலும் வலைத்தளம் செய்து தருபவர் முடிவில் ஒரு வார்த்தை சொல்வார்: “பேமெண்ட்டை இணைக்க ரெடிமேடா லைப்ரரி இருக்கு அண்ணாச்சி, ரெண்டு நாள் வேலைதான்.” நாமும் “கமிஷன் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியோடு சரி என்று சொல்லிவிடுகிறோம்.

கமிஷனைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார் என்பதை நம் வலைத்தளம் யார் வாய்மொழியாக நம்புகிறது? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பதில் கிடைக்காவிட்டால் கமிஷன் அரை சதவீதம் குறைந்தும் பயனில்லை.

லைப்ரரி என்றால் என்ன?

இங்கே லைப்ரரி என்பது நூல் நிலையம் அல்ல. வேறொருவர் முன்பே எழுதி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் நிரல்களின் தொகுப்பு. சட்டை தைக்கும் தையற்காரர் பொத்தானைத் தாமே செய்வதில்லை, வாங்கித்தான் தைக்கிறார். அதுபோல வலைத்தளம் செய்பவரும் பணம் வாங்கும் பகுதியைத் தாமே எழுதாமல், எழுதி வைத்ததை எடுத்துப் பொருத்துகிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. அவரே புதிதாக எழுதினால்தான் நாம் பயப்பட வேண்டும்.

வலைத்தளத்தில் ஒரு ஆர்டருக்குப் பணம் வரும்போது நால்வர் சம்பந்தப்படுகிறார்கள். முதலாவது வாடிக்கையாளர் கையில் உள்ள செல்போன் அல்லது கம்ப்யூட்டர். இரண்டாவது நம் வலைத்தளம் இயங்கும் சர்வர். இதுதான் நம் கடை. மூன்றாவது நடுவில் நின்று பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம். இதைப் பேமெண்ட் அக்ரிகேட்டர் என்கிறார்கள். நான்காவது வங்கி. லைப்ரரி என்பது நம் கடைக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையே தகவல் சுமக்கும் ஆள். அந்த ஆள் கொண்டுவரும் ‘பணம் வந்துவிட்டது’ என்ற செய்தி நிறுவனத்திடமிருந்து நேராக வருகிறதா, வாடிக்கையாளர் கைவழியாகச் சுற்றி வருகிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கடைக்கார அன்பர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, “அனுப்பிட்டேன், பாருங்க” என்று செல்போனைத் திருப்பிக் காட்டும் ஆளை நன்றாகவே தெரியும். அது நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம். பணம் போனதுபோல் பச்சை நிறத்தில் ‘டிக்’ காட்டும் போலிச் செயலியாக இருக்கலாம். இதற்காகத்தான் கடைகளில் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்தோம். பெட்டி பேசினால் சரக்கு, பேசாவிட்டால் பொறுங்கள் என்கிறோம். பெட்டிக்குச் செய்தி வருவது பணம் செலுத்துகிறவர் கையிலிருந்து அல்ல, வசூலிக்கும் நிறுவனத்திடமிருந்து. வலைத்தளத்திலும் அப்படியொரு பெட்டி வேண்டும். பல வலைத்தளங்களில் அது இருப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்குக் கொடுக்கும் கதைதான் அங்கே நடக்கிறது.

2022-இல் நடந்தது

இது ஏதோ சின்னக் கடையில் மட்டும் நடக்கும் சங்கதி என்று எண்ண வேண்டாம். பெங்களூரைச் சேர்ந்த ரேசர்பே நம் நாட்டின் பெரிய பேமெண்ட் நிறுவனங்களுள் ஒன்று. 2022 மே மாதம் அந்நிறுவனமே சைபர் கிரைம் போலீசில் ஒரு புகார் கொடுத்தது. அவ்வாண்டு மார்ச் 6 முதல் மே 13 வரை நடந்த 831 பரிவர்த்தனைகளில் சுமார் ரூ.7.38 கோடிக்குக் கணக்கு உதைத்தது. விசாரித்ததில், அந்த 831-உம் உண்மையில் தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் என்று தெரிந்தது. வங்கி அனுமதி கிடைக்காதவை, அனுமதி கிடைத்தவையாகப் பதிவாகியிருந்தன. சம்பந்தப்பட்ட வணிக நிறுவனங்கள் 16.

நிறுவனம் பின்னர் தந்த விளக்கம்தான் நமக்கு முக்கியம். சில வணிகர்களின் வலைத்தளங்கள் தங்கள் இணைப்பு நிரலின் பழைய பதிப்பையே வைத்திருந்தன என்றும், பணம் வந்ததைச் சரிபார்க்கும் முறையில் அங்கே இடைவெளி இருந்தது என்றும், மோசடிக்காரர்கள் தங்கள் பிரவுசரிலிருந்தே அனுமதித் தகவலைத் திருத்தி அனுப்பினார்கள் என்றும் அது கூறியது. தொகையில் ஒரு பகுதி மீட்கப்பட்டதாகவும் சொன்னது. ஆக, பூட்டு உடைபடவில்லை. வாடிக்கையாளர் கையில் கொடுத்தனுப்பிய சீட்டில் ‘இல்லை’ என்று இருந்ததை அவரே ‘ஆம்’ என்று திருத்தி நீட்டினார், வாங்கியவர் சரிபார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது வெளிப்பட்டது எந்த நவீனக் கருவியாலும் அல்ல. வந்த பணத்தையும் பதிவான பரிவர்த்தனைகளையும் ஒத்துப் பார்த்தபோது பேரேடு இடித்தது, அவ்வளவுதான். நம் கடைகளில் இரவு கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்கும் அதே வேலை. அந்த வேலையின் அருமை கணக்குப்பிள்ளை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய நிறுவனம் ஏழு கோடியைத் தாங்கும். நம் வட்டாரத்தில் ஒருவர் ஆடிப்பூரத் திருவிழாவை ஒட்டி நாற்பது பெட்டி பால்கோவா பார்சல் அனுப்பி, அதில் பதினைந்துக்குப் பணமே வரவில்லை என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் என்ன செய்வது? பாலில் செய்த பண்டம், சில நாள்தான் தாங்கும். திரும்ப வாங்கி அடுக்கி வைக்கிற சரக்கா அது?

சரியான முறை எப்படி இருக்கும்?

நல்ல லைப்ரரிகளில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வாடிக்கையாளர் ‘பணம் செலுத்து’ என்று அழுத்தியதும், நம் சர்வர் முதலில் நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி, இந்த ஆர்டருக்கு இவ்வளவு தொகை என்று பதிவு செய்து ஓர் ஆர்டர் எண்ணை வாங்கிக்கொள்ளும். தொகையை வாடிக்கையாளரின் செல்போன் சொல்லக்கூடாது; நம் விலைப்பட்டியலில் இருந்து நம் சர்வர்தான் சொல்ல வேண்டும். பிறகு வாடிக்கையாளர் பணம் கட்டுவார். கட்டியதும் பரிவர்த்தனை எண்ணோடு ஒரு முத்திரை வரும். அந்தக் காலத்தில் பார்சல் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்துவார்களே, அதைப் போன்றது. நமக்கும் நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியை வைத்து, ஆர்டர் எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் நீண்ட எழுத்துத் தொடர் அது. நம் சர்வர் தன்னிடமுள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் செய்தி உண்மை. நடுவில் யாரும் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் முத்திரை பொருந்தாது.

இது தவிர, நிறுவனம் நம் சர்வருக்கு நேராகவே ஒரு செய்தி அனுப்பும். இதை வெப்ஹுக் என்பார்கள். நாம் மேலே சொன்ன ஒலிபெருக்கிப் பெட்டி இதுதான். வாடிக்கையாளர் பணம் கட்டிய மறுநொடியே அவர் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டாலும் இந்தச் செய்தி நமக்கு வந்து சேரும். இது இல்லாத வலைத்தளத்தில், பணம் வங்கிக்கு வந்திருக்கும், ஆர்டர் மட்டும் வந்திருக்காது. வாடிக்கையாளர் இரண்டு நாள் கழித்துக் கோபமாகப் பேசும்போதுதான் நமக்குத் தெரியும். வெப்ஹுக் செய்திக்கும் முத்திரை உண்டு. அதையும் சரிபார்க்க வேண்டும். சில சமயம் ஒரே செய்தி இரண்டு தடவை வரும். அதை இரண்டு ஆர்டராக எண்ணி இரண்டு பார்சல் அனுப்பிவிடாதபடி நிரல் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். கார்டு மூலம் வரும் பணத்தில் ‘அனுமதி கிடைத்தது’ என்பது ஒரு கட்டம், ‘வசூலாகிவிட்டது’ என்பது வேறு கட்டம். அனுமதி கிடைத்ததை நாம் குறிப்பிட்ட நாட்களுக்குள் வசூல் செய்யாவிட்டால் பணம் தானாகவே வாடிக்கையாளருக்குத் திரும்பிப் போய்விடும். இது தானாக வசூலாகும்படி அமைத்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளவும்.

நாமே சோதித்துப் பார்க்கலாம்

நிரல் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். முக்கியமான பேமெண்ட் நிறுவனங்கள் எல்லாம் சோதனைச் சாவி என்று ஒன்று தருகின்றன. அதை வைத்து உண்மைப் பணம் இல்லாமலே ஒத்திகை பார்க்கலாம். வலைத்தளம் செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கீழ்க்கண்டவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதலில், வேண்டுமென்றே தோல்வியடையும் ஒரு பரிவர்த்தனை. ஆர்டர் ‘பணம் வரவில்லை’ என்றே நிற்க வேண்டும். அடுத்து, பணம் கட்டியதும் நன்றி சொல்லும் பக்கம் வருவதற்குள் பிரவுசரை மூடிவிடுங்கள். ஆர்டர் சிறிது நேரத்தில் தானாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த நன்றிப் பக்கத்தின் முகவரியை நகல் எடுத்து, வேறொரு செல்போனில் பணமே கட்டாமல் திறந்து பாருங்கள். அப்படித் திறந்தாலே ஓர் ஆர்டர் உருவாகிறது என்றால், அந்த வலைத்தளத்தை அன்றைக்கே திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கடைசியாக, வெளிப்படும் தொகையைப் பிரவுசர் வழியாக மாற்றி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. 450 ரூபாய்ப் பெட்டியை 1 ரூபாய்க்கு வாங்க முடிந்தால் ஆர்டர் தொகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தொகையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பல நிறுவனங்களின் லைப்ரரிகளில் தொகையை ரூபாயில் அல்ல, பைசாவில் எழுத வேண்டும். 450 ரூபாய் என்றால் 45000. பைசா செல்லாக் காசாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, கம்ப்யூட்டருக்குள் மட்டும் அது இன்னும் செலாவணியில் இருக்கிறது! இங்கே 450 என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளரிடம் வசூலாவது நாலரை ரூபாய். ஆகவே ஒத்திகை முடிந்ததும், சொந்தப் பணத்தில் ஓர் உண்மையான ஆர்டர் போட்டு, வங்கிக் கணக்கில் எவ்வளவு வந்து விழுகிறது என்று பார்த்த பிறகே கடையைத் திறப்பது நல்லது. அதே ஆர்டரை ரத்துச் செய்து பணம் திரும்புகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

லைப்ரரியை எழுதியது யார்?

இது அடுத்த கேள்வி. பேமெண்ட் நிறுவனமே எழுதி வெளியிட்டதா, அல்லது ஆர்வமுள்ள தனிநபர் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்ததா? தனிநபர் எழுதியது எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை; மிக நல்லவையும் உண்டு. ஆனால் 2018-இல் உலகம் முழுவதும் பலர் பயன்படுத்திய ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற இலவசத் தொகுப்பில் நடந்ததை நினைவில் வைக்கலாம். அதைப் பராமரித்து வந்தவர், தமக்கு நேரமில்லாமல், உதவ முன்வந்த முன்பின் அறியாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை அதற்குள் நுழைத்துவிட்டார். கடைச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்த கதைதான். சம்பளமில்லாமல் உழைப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? பணம் புழங்கும் இடத்தில் நிறுவனத்தின் அதிகாரபூர்வ லைப்ரரி இருக்கும்போது வேறு எதற்கு என்பதே நம் எண்ணம்.

நிறுவனமே வெளியிட்டதானாலும் அத்துடன் வேலை முடிந்துவிடாது. வேர்ட்பிரஸ் வலைத்தளங்களில் பயன்படும் வூகாமர்ஸ் பேமெண்ட்ஸ் என்ற இணைப்பில் 2023 மார்ச்சில் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஒருவர் வலைத்தளத்தின் முதலாளியாக உள்ளே நுழையலாம் என்ற நிலை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வலைத்தளங்களில் அது இருந்தது. திருத்தம் உடனே வந்தது. திருத்தத்தைப் போடாமல் விட்டவர்கள் மீது அவ்வாண்டு ஜூலையில் தாக்குதல் நடந்தது. மேலே சொன்ன 2022 வழக்கிலும் ‘பழைய பதிப்பு’ என்ற சொல் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். எனவே வலைத்தளம் செய்து தருபவரிடம், “போட்டுக் கொடுத்த பிறகு புதிய பதிப்பு வந்தால் மாற்றித் தருவது யார், அதற்கு வருடத்துக்கு என்ன கட்டணம்?” என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். ஃபிரிட்ஜுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிற நாம் இதற்குப் போடுவதில்லை.

கார்டு எண்ணை வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தில் தட்டுகிறார் என்பதும் பார்க்க வேண்டியது. அது பேமெண்ட் நிறுவனத்தின் பக்கமாக இருக்கட்டும், நம் பக்கத்தில் வேண்டாம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் வலைத்தளத்தில் யாரோ சில வரி நிரலைச் செருகி, பயணிகள் தட்டிய கார்டு விவரங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். 2020-இல் அந்நாட்டுத் தகவல் ஆணையம் இரண்டு கோடி பவுண்டு அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்களோ பேமெண்ட் நிறுவனங்களோ வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. “கார்டு நம்பரை நம்ம டேட்டாபேஸ்லயே வெச்சுக்கலாம், அடுத்த தடவை ஈஸி” என்று யாராவது சொன்னால் அவரை மரியாதையாக அனுப்பிவிடவும்.

சாவியும் கணக்கும் யார் பெயரில்?

பேமெண்ட் நிறுவனத்தில் கணக்கு நம் கடையின் பெயரில், நம் பான் எண்ணில், நம் செல்போன் எண்ணில் இருக்க வேண்டும். வலைத்தளம் செய்பவர் வசதிக்காகத் தம் கணக்கிலேயே வசூலித்து மாதம் ஒருமுறை தருகிறேன் என்றால் வேண்டாம். ரகசியச் சாவி சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். வலைப்பக்கத்தில் இருக்கக்கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. வேலை பார்த்தவர் விலகிப் போனால் பழைய சாவியை ரத்துச் செய்து புதிது எடுத்துவிடலாம்.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு விதிமுறை வகுத்தது. வங்கியல்லாத நிறுவனமானால் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். வணிகர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி வலைத்தளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பேச்சு வேண்டாம்.

இப்போது கமிஷனுக்கு வருவோம். யூ.பி.ஐ. மற்றும் ரூபே டெபிட் கார்டுகளுக்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் கிடையாது. ஆயினும் பேமெண்ட் நிறுவனம் தன் சேவைக்கென்று தனிக் கட்டணம் கேட்கலாம். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். உதாரணமாக 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 600 ரூபாய் ஆர்டரில் 12 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2 ரூபாய் 16 பைசா, ஆக 585 ரூபாய் 84 பைசா கைக்கு வரும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. அவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காம்போசிஷன் வணிகர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது. வலைத்தளம் பெங்களூர் பின்கோடையும் ஏற்றுக்கொள்ளும், சட்டம் ஏற்றுக்கொள்ளாது. இதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, பின்கோடு கட்டுப்பாடு வைக்கச் சொல்லவும்.

நாளைக்கு நிறுவனத்தை மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும். 2024-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, மார்ச் 15-க்குப் பிறகு அங்குள்ள கணக்குகளில் புதிதாகப் பணம் வரவு வைக்கக்கூடாது என்று சொன்னபோது, அந்த வங்கியில் வசூல் கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள் அவசர அவசரமாக வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. வலைத்தளத்தில் பேமெண்ட் பகுதி தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாறுவது சில நாள் வேலை. எல்லா இடத்திலும் பின்னிக் கிடந்தால் வலைத்தளத்தையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நம் கடைக்கு இது தேவையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளைக்கு ஐந்து பத்து ஆர்டர் வரும் கடைக்கு லைப்ரரியும் வேண்டாம், வெப்ஹுக்கும் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, பேமெண்ட் லிங்க் அனுப்பி, பணம் வந்ததை வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டுப் பார்சல் போடலாம். எழுதி மாளாத அளவுக்கு ஆர்டர் வரும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இணைத்துவிட்டவர்கள் தினமும் ஒரு வேலை செய்ய வேண்டும். வலைத்தளத்தின் ஆர்டர் பட்டியல், பேமெண்ட் நிறுவனம் தரும் செட்டில்மென்ட் அறிக்கை, வங்கி வரவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஆர்டர் இருந்து பணம் இல்லையென்றால் பார்சலை நிறுத்துங்கள். வாடிக்கையாளர் யூ.பி.ஐ. கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு நமக்கு உறுதி வரவில்லையென்றால் பதற வேண்டாம்; ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாக அவருக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் அவருக்கு ஈடு தர வேண்டும். வாடிக்கையாளரிடம் இந்த விவரத்தைச் சொல்லி, பரிவர்த்தனை எண்ணையும் கொடுத்து, அவருடைய வங்கியில் கேட்கச் சொல்லலாம்.